பூட்டிய அலமாரியில் அட்ரினலின் இருந்து என்ன பயன்?

அவசரப் பிரிவில் வேலை பார்ப்பதால் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் முதலுதவிப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். போனதும் நான் முதலில் சொல்வது, "உங்களிடம் இருக்கும் அலர்ஜி ஊசியை எடுத்து வாருங்கள்" என்பதுதான். அட்ரினலின் மருந்து நிரப்பி, தொடையில் அழுத்தினால் தானே மருந்தை இறக்கும் பேனா வடிவ ஊசி அது. சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன். பல இடங்களில் ஊசி இருக்கும், அது பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால், அவர் இன்று விடுப்பில் இருப்பார்.

கடுமையான ஒவ்வாமை, அதாவது அனாஃபிலாக்சிஸ் வந்தால் ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக்குழாய் சுருங்கும், தொண்டை வீங்கும். பிரிட்டனில் இப்படி இறந்தவர்களைப் பற்றி 2000-ல் ஓர் ஆய்வு வெளியானது. உணவு அலர்ஜியில் இதயமோ மூச்சோ நிற்க ஆன இடைநிலை நேரம் 30 நிமிடம், பூச்சிக் கடியில் 15, நரம்பில் ஏற்றிய மருந்தென்றால் வெறும் 5. இந்த நேரத்துக்குள் ஆம்புலன்ஸை அழைத்து, அது வந்து, அவரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் மருந்து சம்பவ இடத்திலேயே இருக்க வேண்டும் என்கிறோம்.

கனடாவின் ஒன்டாரியோவில் 2003-ல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளியில் சாப்பிட்டதில் ஒவ்வாமை ஏற்பட்டு இறந்துபோனாள். அவளுடைய ஊசி அவளது லாக்கரில்தான் இருந்தது. அவள் பெயரிலேயே வந்த சப்ரீனா சட்டம் 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆபத்துள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித்திட்டம், ஊழியர்களுக்கு முறையான பயிற்சி இரண்டையும் அது கட்டாயமாக்கியது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இன்னொரு பிரிவு. அனாஃபிலாக்சிஸ் என்று நம்பக் காரணம் இருந்தால், முன் அனுமதி இல்லாவிட்டாலும் ஊழியர் ஊசி போடலாம். நல்லெண்ணத்தில் செய்தவர்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. "தப்பாகிவிட்டால் என் தலைமேல் விழுமே" என்ற பயத்துக்குச் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. பயிற்சியில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவதும் இந்தக் கேள்விதான்.

பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே, குறிப்பிட்ட மாணவர் பெயரில் அல்லாத உபரி ஊசிகளை வாங்கி வைக்கலாம். கூடவே வந்த அரசு வழிகாட்டுதல், ஊசியைப் பூட்டி வைக்கக் கூடாது என்றும், தேவைப்படும் இடத்திலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வளாகம் பெரிதென்றால் சாப்பாட்டுக் கூடத்துக்கு அருகில் ஒன்று, விளையாட்டு மைதானத்துக்கு அருகில் ஒன்று. அமெரிக்காவில் 2013-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் பள்ளிகளில் பொது ஊசி வைக்கும் மாநிலங்களுக்கு நிதியில் முன்னுரிமை தந்தது. அப்புறம் பல மாநிலங்கள் உணவகம், முகாம், விளையாட்டரங்கம் ஆகியவற்றுக்கும் அந்த அனுமதியை விரித்தன. இதற்கு வலுவான காரணம் உண்டு. பள்ளிகளில் ஊசி தேவைப்பட்டவர்களில் சுமார் கால் பங்கினருக்கு அலர்ஜி இருப்பது அதுவரை யாருக்குமே தெரியாது. பெயர் எழுதிய ஊசிகளை மட்டும் வைத்திருந்தால் இவர்களுக்கு எதைப் போடுவது?

வைக்கும் விதத்துக்கு வருவோம். 20 முதல் 25 டிகிரி வெப்பம் நல்லது, வெளிச்சம் படக் கூடாது. மருந்துதானே என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வேண்டாம். ஊசியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். உள்ளே திரவம் நிறமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும், பழுப்பாகியிருந்தால் மாற்றுங்கள். காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமியுங்கள், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவரையும். இன்னொன்று, மருந்தில்லாத பயிற்சி ஊசியை அசல் ஊசி இருக்கும் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பதற்றத்தில் கை அதைத்தான் எடுக்கும்.

அரிப்பும் தடிப்பும் மட்டும் என்றால் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை சரி. மூச்சிரைப்பு, குரல் கம்மல், நாக்கு வீக்கம், தலைசுற்றி விழுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையைத் தேடி நேரம் போக்கக் கூடாது. அது மூச்சுக்குழாயையும் திறக்காது, ரத்த அழுத்தத்தையும் தூக்காது. சந்தேகமாக இருந்தால் ஊசியைப் போட்டுவிடுவதே மேல். ஊசியால் வரும் படபடப்பும் நடுக்கமும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

ஊசி போடும் இடம் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. உடையைக் கழற்ற வேண்டியதில்லை. பயிற்சியில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்து, ஊசி வெளிவரும் முனையிலேயே கட்டைவிரலை வைப்பது. அசல் ஊசியாக இருந்தால் மருந்து விரலுக்குள் போயிருக்கும். முழுக் கைப்பிடியாகப் பிடியுங்கள், விரல் எந்த முனையிலும் வேண்டாம். சில வகை ஊசிகளில் போட்ட பிறகும் உள்ளே திரவம் மிச்சமிருக்கும். எபிபென் என்ற பிராண்டு ஊசியில் 2 மில்லி இருக்கும், உடலுக்குள் போவது 0.3 மில்லிதான். "மருந்தே இறங்கவில்லை" என்று பதற வேண்டாம். பொதுவாக 30 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு 0.3 மில்லிகிராம் ஊசி, 15 முதல் 30 கிலோ வரை 0.15.

பலரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். ஊசி போட்டதும் கொஞ்சம் தெளிவாகி, "முகம் கழுவிவிட்டு வருகிறேன்" என்று எழுந்திருப்பார். விடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் கால் நீட்டி உட்காரலாம். சட்டென்று எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அங்கேயே உயிர் போகக்கூடும். 5 நிமிடமாகியும் குறையவில்லை என்றால் இன்னொரு ஊசி. அதனால்தான் பெட்டியில் இரண்டு இருக்க வேண்டும்.

இந்தப் பேனா ஊசி கிடைக்காத நாடுகளில் மருந்துக் குப்பியும் சிரிஞ்சும்தான் வழி. அளவு பிசகினால் ஆபத்து என்பதால் அது பயிற்சி பெற்றவர் கையில்தான் இருக்க வேண்டும். மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்பிரேயை 2024-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. ஊசியென்றால் தயங்குகிறவர்கள் இருக்கும் பொது இடங்களுக்கு அது நல்ல வரவு.

ஊசி போட்ட நேரத்தைக் குறித்துவையுங்கள். பயன்படுத்திய ஊசியையும் குப்பையில் போடாமல் ஆம்புலன்ஸ்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை இரண்டாவது அலையாகத் திரும்ப வருவதுண்டு. பெட்டியில் காலியான இடத்துக்கு மறுநாளே புது ஊசி வாங்கி வைத்துவிடுங்கள்.