பேலோட்: எந்தச் சுமை காசு தருகிறது?

செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்ததிலிருந்து, கொழும்பில் ரொக்கெட் பற்றிய பேச்சு கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. அந்தப் பேச்சில் தவறாமல் வந்துபோகும் சொல் 'பேலோட்'. ரொக்கெட் ஏற்றிப்போகும் சாமான் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லின் முன்பாதி கணக்குப்பிள்ளையின் மேசையிலிருந்து வந்தது, அதை விட்டுவிட்டால் விண்வெளி வியாபாரமே விளங்காது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் 'பே', 'லோட்' இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் இது. ரொக்கெட்டுக்காகப் பிறக்கவில்லை. லொறிகளுக்கும் பிறகு விமானங்களுக்கும் புழங்கியது. ஒட்டிய இரண்டு துண்டுகளும் மிகப் பழையவை. 'பே' பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. சமாதானத்தைக் குறிக்கும் 'பாக்ஸ்' அதன் வேர். கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவதுதான் முதலில் 'பே' பண்ணுவது. 'லோட்' பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம் என்ற பொருளில் இருந்து, கொண்டுபோகும் பொருளுக்குப் பின்னர் மாறியது.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் ஏற்றும் லொறியைப் பாருங்கள். வண்டியின் எடை, தாங்கியில் உள்ள டீசல், சாரதி, உதவியாள், மேலே சீனி மூட்டை. ரோட்டுக்கு எல்லாமே பாரம்தான். லொறிக்காரருக்கு வாடகை தருவது மூட்டை மட்டும். அந்த மூட்டைதான் பேலோட்.

சரி, ரொக்கெட்டுக்கு வருவோம். இங்கே அந்தக் கணக்கு கொடூரமானது. ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின் ஃபால்கன் 9 புறப்படும்போது சுமார் 549 தொன். பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதைக்கு அது அதிகபட்சம் கொண்டுபோகக்கூடியது 22.8 தொன், அதாவது நூற்றுக்கு நாலு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஒட்சிசனும். இந்தியாவின் பிஎஸ்எல்வி 2017 பெப்ரவரி 15 அன்று ஒரே பயணத்தில் 104 செய்மதிகளை ஏற்றிச் சாதனை படைத்தது. அத்தனையின் மொத்த எடை 1,378 கிலோதான். அவற்றைத் தூக்கிய ரொக்கெட்டின் எடையோ சுமார் 320 தொன். நூற்றுக்கு அரைப் பங்குகூடக் காசு தரும் சுமை இல்லை. அதிலும் 714 கிலோ இந்தியாவின் சொந்தச் செய்மதி. மற்ற 103 சகபயணிகளில் 101 வெளிநாட்டுச் சிறு செய்மதிகள், கட்டணம் கொடுத்து ஏறியவை.

இந்தத் துறையில் எல்லோரும் 'கிலோவுக்கு எவ்வளவு' என்று கேட்பது இதனால்தான். 2022இல் ஃபால்கன் 9இன் அறிவிக்கப்பட்ட விலை 67 மில்லியன் டொலர். அந்த விலைக்கு, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செய்மதிகளின் உயர்ந்த பாதைக்கு (புவிநிலைப் பாதை) இட்டுச்செல்லும் மாற்றுப் பாதையில் 5.5 தொன் வரை விடுவார்கள். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 12,000 டொலர். முழு ரொக்கெட்டையும் பிடிக்க வசதியில்லாதவர்களுக்குக் கூட்டுப் பயணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஃபால்கன் 9 அப்படிப் போன ஒரு பயணத்தில் 143 செய்மதிகள் ஏறின, பிஎஸ்எல்வியின் சாதனையும் முறிந்தது. அப்போது 200 கிலோவுக்கு ஒரு மில்லியன் டொலர், மேலதிகக் கிலோ ஒவ்வொன்றுக்கும் 5,000 டொலர். தாழ்ந்த பாதை என்பதால் முன்னதோடு நேராக ஒப்பிட முடியாது. போகும் நாளையும் பாதையையும் ஏறுபவர் தீர்மானிக்கவும் முடியாது.

எனக்குச் சுவையாகப் படும் கணக்கு வேறொன்று. இதே ஃபால்கன் 9 அதே மாற்றுப் பாதைக்கு 8.3 தொன் வரை தூக்கும், ஆனால் அப்போது கீழடுக்கை, அதாவது முதலில் எரிந்து மேலே தள்ளும் அடிப்பாகத்தை, கடலில் விட்டுவிட வேண்டும். கீழடுக்கு திரும்பி வந்து இறங்க வேண்டுமென்றால் அதற்கும் எரிபொருள் மிச்சம் வைக்க வேண்டும், அதனால் சுமை 5.5 தொன்னாகக் குறைகிறது. காசு தரும் சுமையில் மூன்றிலொரு பங்கை விட்டுக்கொடுத்து ரொக்கெட்டின் விலைகூடிய பாகத்தைத் திரும்ப வாங்குகிறார்கள். பார்க்க நட்டம் போலத் தெரியும். எரிபொருளின் விலை மொத்தச் செலவில் சொற்பம், பணமெல்லாம் இயந்திரங்களிலும் உடலிலும் கிடக்கிறது. ஆகவே லாபம்தான்.

காசு தராத பேலோடும் உண்டு. 2018 பெப்ரவரியில் ஃபால்கன் ஹெவி முதற்தடவை பறந்தபோது உள்ளே இருந்தது இலோன் மஸ்க்கின் சொந்தக் கார். அதற்கு வாடகை தர எவரும் இல்லை. (விளம்பரத்தைக் கணக்கில் சேர்த்தால் அந்தக் கார்தான் அதிகம் உழைத்த சுமை என்று வாதாடலாம், அது வேறு கதை.)

அடுத்த சிக்கல், பேலோட் எது என்பது கேட்பவரைப் பொறுத்தது. இலங்கையின் இராவணா-1 ஏறக்குறைய ஒரு கிலோ எடைகொண்ட, பெட்டி போன்ற சிறு செய்மதி. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து ஆன்டாரெஸ் ரொக்கெட்டில் போய், ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. ஆன்டாரெஸ்ஸுக்குப் பேலோட், சிக்னஸ் என்ற சரக்குக் கலம். சிக்னஸின் சரக்குக்குள் ஒரு மூலையில் இராவணா-1. இராவணாவைக் கட்டியவர்களைக் கேட்டால், உள்ளே இருந்த கமரா போன்ற கருவிகளைத்தான் பேலோட் என்பார்கள். மின்கலம், சட்டகம் எல்லாம் அவற்றைச் சுமக்கும் வாகனம். தொலைத்தொடர்புச் செய்மதியிலும் இப்படித்தான், சமிக்ஞைகளை வாங்கி அனுப்பும் கருவிகளே அதன் பேலோட். 2012 நவம்பரில் ஏவப்பட்ட சைனாசாட்-12இன் கொள்ளளவில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்ட இலங்கையின் சுப்ரீம்சாட் கம்பனி, அதைச் சுப்ரீம்சாட்-1 என்று அழைத்தது. கைமாறியது பேலோடின் ஒரு பங்கு.

இனித் தமிழ். சுமை, பளு, தாங்குசுமை, ஏற்புச்சுமை என்று பலவாறு எழுதுகிறார்கள். வெறும் 'சுமை' போதாது, எரிபொருளும் சுமைதானே. 'தாங்குசுமை' பாலத்துக்கும் தூணுக்கும் பொருந்துகிற அளவுக்கு ரொக்கெட்டுக்குப் பொருந்தவில்லை. சந்திரயான் செய்திகளில் 'ஆய்வுக் கருவிகள்' என்று போட்டார்கள். அந்த இடத்தில் அது நல்ல தமிழ், ஆனால் ரொக்கெட்டில் ஏறும் முழுச் செய்மதியைக் கருவி என்று சொல்ல வாய் வராது. சுமப்பவருக்குக் கொடுப்பதை நாம் சுமைகூலி என்கிறோம். அதைத் திருப்பிப் போட்டு 'கூலிச்சுமை' என்றால் ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்கு மிக நெருக்கமாக இருக்கும். ஆனால் கூலி வாங்காமல் போகும் ஆய்வுக் கலங்களை அது வெளியே தள்ளிவிடும்.

என் தெரிவு 'பயன்சுமை'. பயன் என்றால் விளைவும் ஆதாயமும் ஆகும், எனவே வியாபாரச் செய்மதிக்கும் நிலவுக்குப் போகும் கருவிக்கும் ஒன்றாகவே சரிவரும். கூட்டுச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: பயன்சுமை விகிதம், பயன்சுமைக் கூடு (ரொக்கெட்டின் உச்சியில் அதை மூடிக் காக்கும் உறை). பிறர் செய்மதியில் இடம் பிடித்துப் போகும் கருவியை வாடகைப் பயன்சுமை எனலாம்.

கணினிக்காரர்களின் பேலோடுக்கு மட்டும் இதை நான் நீட்டமாட்டேன். வலையமைப்பில் முகவரி முதலிய தலைப்புப் பகுதியைக் கழித்து மிஞ்சும் தரவு, வைரஸ் ஒன்று உள்ளே கொண்டுவரும் நாசகார நிரல் என இரண்டையும் அவர்கள் அப்படியே அழைக்கிறார்கள். முன்னதற்கு 'உள்ளடக்கம்' போதும். பின்னதைப் 'பயன்' என்று யார் சொல்வார்கள்?