ஓடாத டயரும் களைத்துப்போகும்

பனிக்காலம் நெருங்கியதும் மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, மேலே துணியைப் போர்த்தி நான்கு மாதம் மறந்துவிடுவது குளிர்நாடுகளில் வழக்கம். டயரைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஓடினால்தானே தேயும்? ஆனால் ரப்பருக்கு நிற்பதும் ஒரு வேலைதான்.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 200 கிலோ. சக்கரத்துக்கு 100 கிலோ. டயரில் 36 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) காற்றழுத்தம் இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிலோ. ஆக, 100 கிலோவைத் தாங்கத் தரையில் பதியும் பரப்பு சுமார் 40 சதுர சென்டிமீட்டர். உள்ளங்கையைவிடச் சிறிய இடம்! ஓடும் வண்டியில் இந்தப் பாரம் வட்டம் முழுவதும் கைமாறிக்கொண்டே இருக்கும். நிற்கும் வண்டியில் ஒரே இடம் மாதக்கணக்கில் சுமக்கிறது.

ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது நடந்தது, அந்தச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலங்கள் விழுந்ததுதான். அழுத்தியதை விட்டவுடன் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்புவது அவற்றால்தான். ஆனால் நாள்பட்ட பாரத்தில் சங்கிலிகள் மெல்ல நழுவிப் புது இருப்புக்குப் பழகிவிடுகின்றன; உள்ளே இருக்கும் இழைகளும் அப்படியே. டயரில் தட்டையான இடம் விழுவது இப்படித்தான்.

இதற்குக் குளிர் துணைபோகிறது. 20 டிகிரி செல்சியஸில் அடித்த 36 பவுண்டு, மைனஸ் 10 டிகிரியில் சுமார் 31 ஆகக் குறையும். ஓட்டை எதுவும் வேண்டாம். காற்று சுருங்குவதே போதும். இதோடு, ரப்பர் வழியாகவும் காற்று மாதந்தோறும் சிறிது கசியும். வசந்தத்துக்குள் 26 பவுண்டுக்கு இறங்கிவிட்டால் தரையில் பதியும் பரப்பு 55 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். பக்கச்சுவரும் கூடுதலாகப் பிதுங்கும்.

அந்தப் பிதுங்கலைத்தான் காற்றில் கலந்திருக்கும் ஓசோன் வாயு தேடிவருகிறது. சங்கிலிகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டுகிறது. இழுபடாத ரப்பரில் சேதம் மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்ட ரப்பரில் வெட்டிய இடம் வாய் பிளந்து, அடியில் உள்ள புது ரப்பரைக் காட்டிக்கொடுக்கும், வெடிப்பு ஆழமாகும். வெல்டிங்கும், தீப்பொறி பறக்கும் பிரஷ் மோட்டார்களும் ஓசோனை உண்டாக்கும் என்பதால், பட்டறை மூலை வண்டிக்கு நல்ல உறைவிடம் அல்ல.

தயாரிப்பாளர்கள் இதற்காகவே ரப்பரில் மெழுகு கலக்கிறார்கள். அது மெல்ல மேலே கசிந்து ஒரு போர்வையாகப் படியும். டயர் பளபளக்க வேண்டும் என்று பெட்ரோலிய அடிப்படையிலான பாலிஷ் போட்டுத் தேய்க்கும்போது துடைத்தெறிவது அந்தப் போர்வையைத்தான். குளிரில் மெழுகு மேலேறுவது மந்தம்; இழப்பு எளிதில் ஈடாகாது. என்னைக் கேட்டால், சோப்புத் தண்ணீரில் கழுவி உலரவிட்டு, டயரை அழகில்லாமலேயே விட்டுவிடலாம்.

மற்றபடி, குளிரையே வில்லனாக்க வேண்டியதில்லை. வெப்பம் குறைந்தால் ஓசோனின் வேலையும் ஆக்சிஜனின் வேலையும் மந்தமாகும். விதிவிலக்கு, பந்தயத்துக்கான மென்மையான டயர்கள். கடுங்குளிரில் அவை கண்ணாடிபோல் விறைத்துவிடும். அந்த நிலையில் உருட்டினாலோ அழுத்தினாலோ வெடிப்பு விழலாம்.

இரு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு இருந்தால் தட்டையாகும் கவலை தீர்ந்தது. இல்லையென்றால், பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டாமல் சற்றுக் கூடுதலாகக் காற்றடித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கால் வட்டம் உருட்டிவைத்தால் போதும். டயருக்கு அடியில் எண்ணெயோ பெட்ரோலோ தேங்கக் கூடாது. ரப்பர் அவற்றை உறிஞ்சி உப்பிவிடும்.

வசந்தத்தின் முதல் சவாரிக்குக் காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த பிறகும் ஹேண்டில்பாரில் லேசான துடிப்பு தெரியலாம். டயர் சூடேறச் சூடேற அது பெரும்பாலும் மறைந்துவிடும். சூடேறிய பிறகும் துடித்தாலோ, பக்கச்சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் வெடிப்பு தெரிந்தாலோ, டயரின் வயதை அறிய, பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்த டயர்.