தரையில் உட்கார்ந்திருக்கும் குஞ்சு அநாதை இல்லை

சித்திரை பிறந்தால் என் கிளினிக்குக்கு செருப்புப் பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். நாய்க்கும் பூனைக்கும் நடுவே யாராவது ஒருவர் மடியில் அட்டைப்பெட்டியோடு காத்திருப்பார். மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள் இருக்கும். உள்ளே ஒரு மைனாக் குஞ்சோ கொண்டைக்குருவிக் குஞ்சோ.

போன வாரம் வந்தது மைனா. ஒரு பையனும் அவன் அம்மாவும் கொண்டு வந்தார்கள். உடம்பு முழுக்க இறகு வந்திருந்தது, வால் மட்டும் குட்டை. அலகோரத்து மஞ்சள் சதை இன்னும் போகவில்லை. மார்பு இறகில் பால் காய்ந்து மொடமொடவென்று ஒட்டியிருந்தது. மூக்குத்துளையில் சின்னச் சின்னக் குமிழ்கள். இங்க் ஃபில்லரில் “கொஞ்சமாத்தான் டாக்டர்” கொடுத்தார்களாம். கால் மணி நேரத்தில் என் கையிலேயே போய்விட்டது. பையன் தேம்பித் தேம்பி அழுதான். அவன்மேல் தப்பே இல்லை, யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் குஞ்சுக்கு நோயும் இல்லை, காயமும் இல்லை. கூட்டை விட்டு வெளியே வந்து பறக்கப் பழகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மைனா, காகம், கொண்டைக்குருவி எல்லாமே நன்றாகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். தரையிலும் செடிக்குள்ளும் தத்தித் தத்தித் திரியும். தாயும் தகப்பனும் அங்கேயே வந்து இரை கொடுக்கும். தெருவில் காக்கா மண்டையில் கொத்துகிறது என்று புகார் சொல்கிறீர்களே, பக்கத்துச் செடியைப் பாருங்கள், பெரும்பாலும் அதன் குஞ்சு அங்கே உட்கார்ந்திருக்கும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “நாங்க தொட்டுட்டோம் டாக்டர், மனுஷ வாடை பட்டா தாய் சேர்க்காதே!” இருபது வருஷமாக இதையே கேட்கிறேன். படித்தவர்கள், ஆசிரியர்கள், ஏன், எங்கள் துறையில் இருப்பவர்கள்கூடச் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். நம் தோட்டத்துப் பறவைகள் குஞ்சை மோந்து பார்த்து ஏற்பதும் இல்லை, ஒதுக்குவதும் இல்லை. குஞ்சின் குரலும் திறந்த வாயும்தான் அவற்றுக்குக் கணக்கு. காகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் கூட்டில் குயில் இட்டுவிட்டுப் போன முட்டையை அடைகாத்து, அந்தக் குயில் குஞ்சுக்கே ஓடி ஓடி இரை கொடுக்கிறது. வேறொரு இனத்துக் குஞ்சையே வளர்க்கிற பறவை, உங்கள் விரல் பட்டதற்காகத் தன் குஞ்சைத் தள்ளிவிடுமா?

அப்படியென்றால் தாய் ஏன் வரவில்லை? நீங்கள் அங்கே நிற்பதால். குஞ்சைச் சுற்றி நாலு பேர் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் எந்தப் பறவை கீழே இறங்கும்? பத்து நிமிடம் பார்த்துவிட்டு “தாய் கைவிட்டுடுச்சு” என்று முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பொறுங்கள். போன மாதம் ஒரு அம்மாவிடம் போனில் இதைச் சொல்லி, குஞ்சை இட்லிப்பூச் செடிக்குள் விடச் சொன்னேன். சாயங்காலம் கூப்பிட்டார். பெரிய மைனா ஒன்று வெட்டுக்கிளியோடு வந்து போனதாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? இறகு வந்த குஞ்சு நடுத்தெருவில் இருந்தால் பக்கத்துச் செடி மறைவில் விடுங்கள். நாயையும் பூனையையும் கட்டிப்போடுங்கள். இறகே இல்லாத, கண் திறக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். காற்றில் கூடே விழுந்துவிட்டால், அடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பாவில் காய்ந்த புல் வைத்து அதே மரத்தில் கட்டுங்கள். பெரும்பாலும் வந்து ஊட்டும்.

பூனை கவ்விய குஞ்சு மட்டும் தனிக்கதை. காயம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் பூனை வாயிலுள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். உடனே கொண்டு வாருங்கள். துணி விரித்த, காற்றுப் போகிற இருட்டுப் பெட்டி போதும். வழியில் எதுவும் ஊட்டாதீர்கள். தண்ணீரும் வேண்டாம். பறவைக்கு மூச்சுக்குழல் வாசல் வாய்க்குள்ளேயே, நாக்கு தொடங்குகிற இடத்துக்குப் பின்னால் இருக்கிறது, நீங்கள் சொட்டுவது நேராக நுரையீரலுக்குப் போகும்.

திருநெல்வேலி மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்தில், மரத்திலிருந்து விழுகிற கூழைக்கடா, நாரைக் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து மீன் கொடுத்து வளர்த்து விட்டிருக்கிறார்கள், அது மட்டும் சரியா என்று கேட்கலாம். சரிதான். அந்தப் பறவைகள் கீழே விழுந்த குஞ்சைத் தேடி இறங்கி வராது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து அறிந்தவர்கள். நம் வீட்டில் சோறும் பிரெட்டும் தின்று வளர்கிற குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் எலும்பு வளைந்துவிடும். வளைந்த காலோடு வந்த கிளிகளை எண்ணி மாளாது. நம் நாட்டுக் கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். பங்குனி முதல் ஆடி வரை மரக்கிளை வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால் அரிவாளை எடுக்கும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

குஞ்சைப் பார்த்தால் பெட்டியைத் தேடுவதற்கு முன் எனக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவருக்கோ வனத்துறைக்கோ போன் பண்ணுங்கள். இறகு இருக்கிறதா, ரத்தம் வருகிறதா, பூனை பிடித்ததா என்று சொன்னால் போதும். வால் தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ அனுப்புங்கள். பால் மட்டும் வேண்டாம்.