குடிமகனாக இல்லாவிட்டாலும் உரிமை உண்டு

சிங்கப்பூரில் இலவசச் சட்ட ஆலோசனைக்கு வரும் தமிழக ஊழியர்கள் பலர், சம்பளப் பாக்கியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: “நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லையே சார், எனக்கு இங்கே என்ன உரிமை இருக்கப்போகிறது?” ஒரு வழக்கறிஞனாக எனக்கு அந்தக் கேள்வி வலிக்கிறது. உரிமை இருக்கிறது. அது எந்த நிலையிலிருந்து இங்கே வளர்ந்து வந்தது என்று தெரிந்தவர்கள் அதை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

1825 முதல் 1873 வரை ஆங்கிலேயர் இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து சாலை போடவும் கட்டடம் கட்டவும் வைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் கைதிகள் அல்லர். ஆனாலும் ஒப்பந்தக் காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், அதற்குச் சிறை. அந்த ஒப்பந்தமுறை 1910இல்தான் ஒழிந்தது. வேலையை விடுவதே குற்றமாக இருந்த காலம் அது.

சிங்கப்பூர் 1963இல் மலேசியாவோடு இணைந்தபோது அடிப்படைச் சுதந்திரங்கள் பற்றிய அரசமைப்புப் பிரிவுகள் இங்கும் நடைமுறைக்கு வந்தன. 1965இல் பிரிந்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் இயற்றிய சட்டம் சொத்துரிமைப் பிரிவை விட்டுவிட்டு மற்றவற்றைத் தக்கவைத்துக்கொண்டது. அவற்றில் பேச்சுரிமை, ஒன்றுகூடும் உரிமை போன்றவை குடிமக்களுக்கு மட்டுமே. காலனிய அவசரகாலச் சட்டங்களில் வேர்விட்ட, விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரமும் இன்றுவரை நீடிக்கிறது. இவற்றை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் 9ஆவது பிரிவு தரும் உயிர், உடல் சுதந்திரப் பாதுகாப்பும், 10ஆவது பிரிவு விதிக்கும் அடிமைமுறை, கட்டாய உழைப்புத் தடையும், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற 12ஆவது பிரிவும் இம்மண்ணில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உரியவை. வேலை அனுமதிச் சீட்டோடு நேற்று வந்திறங்கியவருக்கும்தான்.

1968இன் வேலைவாய்ப்புச் சட்டம் அந்தப் பழைய நீதியைத் தலைகீழாக்கியது. இன்று சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைம் தொகையும் தராத முதலாளிதான் குற்றவாளி. வெளிநாட்டு ஊழியர்களுக்கான இன்னொரு சட்டத்தின்படி, வேலை தருவதற்காக ஊழியரிடம் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இல்லப் பணிப்பெண்களை வேலைவாய்ப்புச் சட்டம் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாதத்தில் ஓர் ஓய்வுநாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்ற விதியே 2023இல்தான் வந்தது. இது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

நான் அதிகம் கவலைப்படுவது காலக்கெடுவைப் பற்றி. சம்பளப் புகாரை, பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்புக் கூட்டணியின் சமரச அமைப்பில் (TADM) பதிய வேண்டும். வேலையிலிருந்து நீங்கிவிட்டால் 6 மாதம்தான். “அடுத்த மாதம் தருகிறேன்” என்று முதலாளி சொல்லச் சொல்லக் காத்திருந்தே கெடுவைத் தவறவிடுகிறார்கள். சமரசம் பலிக்காமல் நடுவர் மன்றத்துக்குப் போனால் அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. உங்கள் தாள்கள்தான் உங்களுக்காகப் பேசும். ஆகவே ஊரில் கையில் தந்த ஐபிஏ கடிதத்தை, அதாவது உங்கள் சம்பளத்தைக் குறிப்பிடும் வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, பத்திரப்படுத்துங்கள். தினமும் வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மேற்பார்வையாளர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். வெற்றுத் தாளிலோ, படித்துப் புரியாத தாளிலோ கையெழுத்திடாதீர்கள். உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அறிவித்த சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது என்பதால்தான் அந்தக் கையெழுத்தைக் கேட்கிறார்கள்.

வேலையிடத்தில் அடிபட்டவர்கள், “என் கவனக்குறைவால்தான் விழுந்தேன், எப்படிக் கேட்பது?” என்கிறார்கள். கேட்கலாம். காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்று பார்ப்பதில்லை. அதற்கும் ஓராண்டுதான் கெடு.

புகார் செய்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தை நான் அறிவேன். அனுமதிச் சீட்டை முதலாளி ரத்து செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனால் உரிய புகார் விசாரணையில் இருக்கும்போது இங்கே தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் தர வழியிருக்கிறது. சாங்கி விமான நிலையத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டாலும், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் சம்பளம் பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள்.