பனிப் படத்துக்குக் கிட்டப் போக வேண்டாம்

பனிப் பிரதேச விலங்கு என்றால் முகம் படச்சட்டம் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் ஊறிப்போயிருக்கிறது. கொழும்பில் ஒளிப்பட வகுப்பு எடுக்கிறேன். மற்றவர்களின் படங்களைப் பெரிதாக அச்சிட்டும் கொடுக்கிறேன். டிசம்பர் தாண்டினால் கனடாவிலுள்ள பிள்ளைகளும் மருமக்களும் அனுப்பிய பனி ஆந்தைப் படங்கள் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் என் மேசைக்கு வந்து சேரும். அவற்றில் ஒரே மாதிரிப் படம் திரும்பத் திரும்ப வருகிறது: ஆந்தை நேரே கமராவை நோக்கிப் பறக்கிறது, நகங்கள் முன்னே நீண்டிருக்கின்றன, மஞ்சள் கண்கள் லென்ஸுக்குச் சற்றுக் கீழே குத்தி நிற்கின்றன.

உடனே நான் கேட்பது, எலி வைத்தார்களா என்பதுதான். கடையில் வாங்கிய எலியைப் பனியில் விட்டு ஆந்தையை வரவழைக்கும் பழக்கம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நெடுநாளாகச் சர்ச்சையில் இருக்கிறது. மனிதரைக் கண்டால் இரை கிடைக்கும் என்று பழகிய பறவை வீதியோரத்துக்கு வருகிறது, வாகனத்தில் அடிபடுகிறது. துரத்திப் போய் எடுப்பதும் கேடுதான். கடுங்குளிரில் உடம்புச் சூட்டைக் காப்பதற்கே விலங்குக்கு நிறையச் சக்தி வேண்டும். வீணாக ஒருமுறை கிளப்பிவிட்டால், இழந்ததை அது மறுபடி வேட்டையாடித்தான் ஈடுகட்ட வேண்டும்.

கலை என்று பார்த்தாலும் நெருக்கம் இங்கே நட்டம். பனி வேலியை மறைக்கிறது, பற்றையை மறைக்கிறது, சில நாட்களில் அடிவானத்தையே அழித்துவிடுகிறது. மிஞ்சுவது வெண்மையும் அதற்குள் ஓர் உயிரும். பிரான்ஸைச் சேர்ந்த வின்சென்ட் மூனியே எடுத்த ஆர்க்டிக் ஓநாய்ப் படங்களைத் தேடிப் பாருங்கள். வெள்ளை ஓநாய் வெள்ளைப் பனியில் கரைந்து நிற்கும். அந்த வெறுமையை வெட்டிவிட்டால் மிருகக்காட்சிச்சாலையில் எடுத்த படத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இராது. வடதுருவத்தை அண்டிய நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2025 ஜனவரி முதல் பனிக்கரடியிடமிருந்து 300 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும்; மார்ச் தொடங்கி ஜூன் முடியும்வரை 500 மீற்றர். இந்த விதியை நான் மனதார வரவேற்கிறேன். கரடியைச் சூழ்ந்த பனிக்கட்டியும் ஒளியும் படச்சட்டத்துக்குள் வருவது அந்தத் தூரத்தில்தான்.

வெண்மையை வெண்மையாகக் கொண்டுவருவதுதான் கடினம். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று கணக்குப் போடுவது கமரா ஒளிமானியின் இயல்பு. அதன்போக்கில் விட்டால் பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கமரா வாங்கும் ஒளியை, +1 முதல் +2 வரை கூட்டுங்கள். படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்கட்டும், முட்டக் கூடாது. முட்டினால் என்ன ஆகும் என்பது அச்சில் பளிச்சென்று தெரியும்: பளபளப்பில்லாத மெற் தாளில் அந்த இடத்தில் மையே விழாது, வெறும் தாள்தான் இருக்கும். முட்டாமல் எடுத்த பனியிலோ காற்றுக் கீறிய வரிகள் இருக்கும், நிழல் விழுந்த பள்ளங்களில் மெல்லிய நீலம் இருக்கும். அந்த நீலத்தைச் சிலர் கணினியில் துடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து விட்டுவையுங்கள், அது வானத்தின் ஒளி.

இதைப் பழக ஜப்பானின் ஹொக்கைடோ வரை போகத் தேவையில்லை. எங்கள் மலைநாட்டு ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படிவதுண்டு. மூடுபனிக்குள் மரை மான் நிற்கும். சனம் தீனி கொடுத்துப் பழக்கிய மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வரும். அவற்றுக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள், கிட்டப் போய்ப் படமும் எடுக்காதீர்கள். பாதையை விட்டு இறங்காமல் நடந்து, தூரத்துப் புல்வெளியில் தன்பாட்டில் மேயும் மரையைப் பாருங்கள். 200 மி.மீ. லென்ஸ் போதும். மரை சட்டத்தின் மூலையில் சின்னதாகத்தான் விழும். வெட்டாமல் அப்படியே கொண்டுவாருங்கள், பெரிதாக அச்சிட்டுத் தருகிறேன்.