ஆக்டேன்: ‘பவர்’ பெட்ரோல் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்

கடலூரிலோ புதுச்சேரியிலோ பங்க்கில் வண்டியை நிறுத்தினால், டேங்க் மூடியைத் திறக்கும் முன்பே கேள்வி வந்துவிடும்: “நார்மலா சார், பவரா?” எந்த நிறுவனத்தின் பங்க்காக இருந்தாலும் பிரீமியம் பெட்ரோலுக்கு நம் பக்கத்தில் ‘பவர்’ என்பதே பொதுப்பெயர், சிலர் ‘ஸ்பீடு’ என்பார்கள். இரண்டும் எண்ணெய் நிறுவனங்கள் வைத்த விற்பனைப் பெயர்கள். பெயரில் பவர் இருப்பதால் பெட்ரோலிலேயே கூடுதல் பவர் இருக்கிறது என்ற நம்பிக்கை ஊன்றிவிட்டது. உண்மையில் அந்தப் பெட்ரோலைத் தனித்துக் காட்டுவது பம்ப்பின் மேல் எழுதியிருக்கும் 95, 97, 100 என்ற எண். அதுதான் ஆக்டேன் எண். அது பெட்ரோலின் ஆற்றலை அளப்பதில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்கிறது. இது பிடிபட்டால், எந்த வண்டிக்கு எதைப் போடுவது என்பதில் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ‘ஆக்டோ’ என்றால் எட்டு. ‘ஏன்’ என்ற விகுதி, ஹைட்ரோகார்பன்களுக்கு ஒழுங்கான பெயர் வைக்க ஜெர்மன் வேதியியலாளர் ஹாஃப்மன் 1866இல் முன்வைத்த முறையிலிருந்து வந்தது. மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் என்று போகும் வரிசையில் எட்டாவது ஆக்டேன்: எட்டுக் கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன். ஆனால் நேர்ச்சங்கிலி ஆக்டேனை இன்ஜினில் ஊற்றினால் அதன் ஆக்டேன் எண் சுழியத்துக்கும் கீழே போகும்! அளவுகோலுக்குப் பெயர் தந்தது அதன் கிளைத்த வடிவமான ஐசோ ஆக்டேன். 1920களின் பிற்பாதியில் கிரஹாம் எட்கர் இந்த அளவுகோலை முன்வைத்தார்: ஐசோ ஆக்டேனுக்கு 100, எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளும் நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0. பம்ப்பில் 95 என்று இருந்தால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவு தாங்குமோ அந்த அளவு இந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள். உள்ளே 95 விழுக்காடு ஆக்டேன் இருக்கிறது என்று பொருளில்லை.

தாங்க வேண்டியது எதை? பிஸ்டன் மேலேறி முடிப்பதற்குச் சற்று முன் பிளக் பொறி விடுகிறது. அங்கே தொடங்கும் தீ, கலவையைச் சீராக எரித்துக்கொண்டே சிலிண்டர் சுவரை நோக்கிப் பரவுகிறது. இன்னும் தீ எட்டாத மூலையில் கிடக்கும் கலவையை, எரிந்த வாயு விரிந்து நசுக்கிச் சூடாக்குகிறது. பெட்ரோல் தாங்கவில்லை என்றால் அந்த மிச்சம் தீ வருவதற்குள் தானாகவே ஒட்டுமொத்தமாக வெடிக்கும். அழுத்த அலை சுவரில் மோதும் ஓசைதான் நாம் கேட்கும் ‘டிக் டிக்’. இன்ஜின் தட்டுது, நாக்கிங் அடிக்குது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தட்டல் நீடித்தால் பிஸ்டன் மேல்முகம் அரிக்கப்படும், ரிங் உட்காரும் விளிம்பு உடையும். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகளோ, மினுக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் தட்டல் வெகுநாளாக நடக்கிறது. அந்த அலுமினியம் பிஸ்டனிலிருந்து வந்தது.

தமிழில் என்ன சொல்வது? பாடப்புத்தகங்களில் உள்ள ‘ஆக்டேன் எண்’ சரியான சொல், மாற்றத் தேவையில்லை. பொருள் விளங்கச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தட்டல் தாங்கு எண்’ என்னலாம். சிக்கல் ‘பிரீமியம்’ என்ற சொல்லில்தான். இலத்தீனில் அதன் மூலமான ‘பிரேமியம்’ பரிசைக் குறித்தது. பிற்காலத்தில் வழக்கமான விலைக்கு மேல் கொடுக்கும் தொகைக்கு வந்து, கடைசியில் உயர்ந்த சரக்கு என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. அதனால் ‘உயர்தர பெட்ரோல்’ என்று எழுதுகிறார்கள். இது தவறான எண்ணத்தைத் தருகிறது. சாதாரண பெட்ரோல் தாழ்ந்த தரம் இல்லை. பிஎஸ்-6 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதிப்படி கந்தக வரம்பு இரண்டுக்கும் ஒன்றே: கிலோவுக்கு 10 மில்லிகிராம். ‘உயர் ஆக்டேன் பெட்ரோல்’ என்பதே பொருளோடு ஒட்டும். ‘பவர் பெட்ரோல்’ பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். எழுதும்போது எண்ணைச் சொல்லி ‘95 பெட்ரோல்’ என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது. பிரான்சில் பம்ப்பிலேயே 95, 98 என்று எண்ணைத்தான் பெயராக எழுதுகிறார்கள். புதுச்சேரியில் அங்கே போய்வந்த குடும்பங்களுக்கு இது பழக்கமானதே.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் எழுதுவது ‘ரான்’ என்ற ஆய்வுமுறை எண். சோதனை இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி எடுப்பது. 900 சுற்றில், கலவையை நன்றாகச் சூடேற்றி எடுக்கும் ‘மான்’ எண் அதைவிட 8 முதல் 10 குறைவாக இருக்கும். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறத்தாழ நம் 91, அதாவது இங்கே சாதாரண பெட்ரோலுக்கு வெகுநாள் இருந்த எண். அவர்களுடைய 91 நம் 95க்கு மேல். அமெரிக்கக் கையேட்டை இணையத்தில் பார்த்து “91 போதும்னு போட்டிருக்கு” என்று பெர்ஃபார்மன்ஸ் காருக்குச் சாதாரண பெட்ரோல் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இந்தியாவில் விற்ற வண்டியின் டேங்க் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் தாளே இறுதி.

அந்தத் தாளில் ‘குறைந்தது 95’ என்று இருந்தால் பேச்சே இல்லை, 95 போட்டாக வேண்டும். ‘91’ என்று மட்டும் இருக்கும், டர்போ இல்லாத சிறிய காருக்கு 95 போடுவது காசைக் கரைப்பதுதான். லிட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தும் மைலேஜில் கையில் ஒன்றும் நிற்காது. யோசிக்க வேண்டியது நடுவில் இருக்கும் வண்டிகளுக்கு: விர்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5, ஐ20 என் லைன் போன்ற டர்போ, நேரடி எரிபொருள் தெளிப்பு வண்டிகள். டர்போ காற்றை அமுக்கும்போதே சூடாக்குகிறது. மே மாதம் கடலூரில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மஞ்சக்குப்பம் நெரிசலில் ஊர்ந்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்தக் காற்றைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலரே சூடேறிக் கிடக்கும். பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய நாக் சென்சார் தட்டலின் அதிர்வை உணர்ந்ததும் இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூ, பிளக் பொறியைச் சில டிகிரி (கிராங்க் சுழலும் கோணத்தில்) தாமதப்படுத்தும். இன்ஜின் தப்பிக்கும், இழுவை குறையும். 95 போட்டால் அந்தத் தாமதம் தேவைப்படாது. ‘பவர் கூடியது’ என்று ஓட்டுபவர் உணர்வது, வண்டிக்கு உரிய பவர் திரும்பக் கிடைப்பதைத்தான்.

இ20 வந்தபின் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. எத்தனாலின் ரான் 108 அளவில் இருப்பதால், 20 விழுக்காடு கலக்கும்போது சாதாரண பெட்ரோலின் தாங்குதிறனும் ஏறுகிறது. ஆகவே நார்மலுக்கும் 95க்கும் ஓட்டத்தில் தெரியும் வித்தியாசம் முன்பைவிடச் சிறுத்திருக்கலாம். அதேநேரம் எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எண் ஏறுகிறது, ஆற்றல் இறங்குகிறது. ஆக்டேனும் ஆற்றலும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உங்கள் வண்டிக்கு 95 பயன்படுகிறதா என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறுகளைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி துளையில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, போன் செயலியில் பொறி நேரம், நாக் தாமதம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் மூன்றையும் பதிவில் வையுங்கள். எல்லா வண்டியும் நாக் தாமதத்தைத் தனியாகக் காட்டாது. அப்போது பொறி நேரத்தை மட்டும் ஒப்பிடலாம். திண்டிவனம் நான்குவழிச் சாலையில் நெரிசல் இல்லாத நேரத்தில், ஏசியை அணைத்து, மூன்றாம் கியரில் 2000 சுற்றிலிருந்து 4000 வரை முழு ஆக்சிலரேட்டரில் மூன்று முறை இழுங்கள். டேங்க் கால்வாசிக்கு வந்ததும் 95 நிரப்பி, ஈசியூ பழகிக்கொள்ள 100, 150 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடத்தில் மீண்டும் எடுங்கள். காற்றின் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் மாறியிருந்தால் ஒப்பீடு செல்லாது. பொறி நேரத்தில் வித்தியாசம் ஓரிரு டிகிரி என்றால் நார்மலே போதும். நான்கு, ஐந்து டிகிரி மீண்டு வந்தால் 95 போடுங்கள், குறைந்தது கோடையிலும் நெடும்பயணத்திலும்.

95லும் தட்டினால் பெட்ரோலைப் பழிக்காமல் வேறிடத்தில் தேடுங்கள். தவறான வெப்ப எண் கொண்ட பிளக், சிலிண்டருக்குள் கரிப்படிவு, நாக் சென்சாரின் போல்ட் சரியாக இறுகாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். டர்போ வண்டியை உயர் கியரில் 1500 சுற்றில் வைத்து அழுத்தினால், ஆயில் துளிகளால் பொறிக்கு முன்பே தீப்பற்றும் சிக்கல் வேறு உண்டு. அதற்கு 100 ஆக்டேனும் மருந்தாகாது. கியரைக் குறைப்பதும், கையேடு சொல்லும் வகை ஆயிலை விடுவதும்தான் வழி. பிரீமியம் பெட்ரோலில் உள்ள கூடுதல் சேர்மானம் வால்வைச் சுத்தம் செய்யும் என்பதும் நேரடித் தெளிப்பு வண்டிக்குப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது, உள்வால்வின் மேல் படுவதே இல்லை. இன்ஜெக்டர் முனைக்குப் பயனுண்டு, அவ்வளவே.

எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் புதுச்சேரிப் பக்கம் போய் நிரப்புவது வழக்கம். 95க்கும் அது பொருந்தும், ஆனால் ஓட்டம் உள்ள பங்க்காகப் பாருங்கள். விற்பனை மந்தமான இடத்தில் உயர் ஆக்டேன் பெட்ரோல் நிலத்தடித் தொட்டியில் நெடுநாள் கிடக்கும். கடலோர மழைக்காலத்தில் தொட்டியில் தண்ணீர் இறங்கினால், எத்தனால் அந்த நீரோடு சேர்ந்து அடியில் படியும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். ஐயம் வந்தால் அடர்த்தியைக் காட்டச் சொல்லலாம், வடிதாள் சோதனை கேட்கலாம். பங்க்கில் மறுக்க முடியாது. ஆனால் அவை கலப்படத்தைத்தான் காட்டும், ஆக்டேனைக் காட்டாது.

100 ஆக்டேன் போடுவதில் பொருள் இருப்பது பெரும்பாலும், ஈசியூவின் மென்பொருளை மாற்றி (ரீமேப்) டர்போ தரும் அழுத்தத்தை (பூஸ்ட்) கூட்டிய வண்டிக்குத்தான். விலை நார்மலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 95 கிடைக்காத ஊரில் 100 மட்டும் இருந்தால் கலந்துகொள்ளலாம்: நார்மலை 91 என்று வைத்துக்கொண்டால், 45 லிட்டர் டேங்க்குக்கு 20 லிட்டர் 100, 25 லிட்டர் 91 என்று போட்டால் ஏறத்தாழ 95 வரும். எதுவும் இல்லாமல் 95 வண்டிக்கு 91 போட நேர்ந்தால் பயப்பட வேண்டாம். 3000 சுற்றுக்கு மேல் போகாமல், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காமல் ஓட்டி, அரை டேங்க் காலியானதும் 95ஐ மேலே நிரப்பினால் 93 ஆகும். அடுத்த நிரப்பலில் ஈசியூ தானே பழைய பொறி நேரத்துக்குத் திரும்பிவிடும்.