முடுக்கம்: எலெக்ட்ரானை விரட்டுவது யார்?

துருவப் பகுதி வானில் தோன்றும் துருவ ஒளியை (அரோரா) பற்றிய காணொளி ஒன்றில் மறுபடியும் அதே தொடர்: "துகள்களின் வேக அதிகரிப்பு மண்டலம்." இது எத்தனையாவது முறையோ! ஆங்கில 'ஆக்சிலரேஷனு'க்கு முடுக்கம் என்ற சொல்லைப் பள்ளியில் படித்தவர்கள்தானே இதையும் எழுதுகிறார்கள்?

முடுகு என்றால் விரைந்து செல். முடுக்கு என்றால் விரையச் செய். ஆடு, ஆட்டு போல ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. யாப்பில் விரைந்தோடும் சந்தத்துக்கு முடுகு என்றே பெயர். திருகாணியை இறுக்குவதும் முடுக்குதல்தான். "பணிகள் முடுக்கிவிடப்பட்டன" என்று நாளிதழ் எழுதினால், பின்னால் யாரோ நின்று நெருக்குகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

'வேக அதிகரிப்பு' எளிதாகப் புரிகிறதே என்பார்கள். புரிகிறது, தவறாக. இயற்பியலில் வேகம் மாறாமல் திசை மட்டும் திரும்பினாலும் அது முடுக்கமே. பூமியின் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருளாக இறங்கும் எலெக்ட்ரான் கணந்தோறும் திசை மாறுகிறது. ஆனால் காந்தவிசை அதன் வேகத்தை இம்மியும் கூட்டுவதில்லை. இதில் எங்கே இருக்கிறது அதிகரிப்பு?

அதைவிடப் பெரிய குறை, வேகத்தைக் கூட்டியது யார் என்பதையே இந்தத் தொடர் விழுங்கிவிடுவது. துருவ ஒளி ஆய்வில் பல ஆண்டுகள் நடந்த வழக்கே அதுதான். காந்தக் கோட்டின் வழியே மின்புலம் (மின்னேற்றமுள்ள துகளைத் தள்ளும் புலம், ஆங்கிலத்தில் 'எலெக்ட்ரிக் ஃபீல்டு') நீடிக்காது, எலெக்ட்ரான்கள் உடனே ஓடிவந்து அதைச் சமன்செய்துவிடும் என்று பலர் நம்பினார்கள். சுவீடன் இயற்பியலாளர் ஆல்வேன் ஒப்பவில்லை. 1976இல் ஏவப்பட்ட எஸ்3-3 செயற்கைக்கோள், சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பூமியிலிருந்து மேல்நோக்கிப் பாயும் அயனிக் கற்றைகளைக் கண்டது. எலெக்ட்ரானைக் கீழே தள்ளும் அதே மின்புலம் நேர்மின்னேற்றமுள்ள அயனியை மேலே தள்ளுகிறது. ஆள் அகப்பட்டுவிட்டார்! 1996இல் சென்ற ஃபாஸ்ட் செயற்கைக்கோள் அந்த மண்டலத்துக்குள்ளேயே புகுந்து அளந்தது. சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டால் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள், 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஆக்சிஜன் அணுக்களைக் கிளர்த்திப் பச்சை ஒளியை எழுப்புகின்றன.

'முடுக்கப்பட்ட' என்ற இடத்தில் 'வேக அதிகரிப்பு செய்யப்பட்ட' என்று போட்டு வாசித்துப் பாருங்கள். துகள் முடுக்கியை என்ன செய்வார்கள்? துகள் வேக அதிகரிப்பான் என்பார்களா?

இலங்கைத் தமிழர் வழங்கும் ஆர்முடுகல் வேறு கதை. அதே வேர், வேகம் குறைவதற்கு அமர்முடுகல் என்ற இணையும் உண்டு. அழகான சோடி. முடுகல் தன்வினையாக நிற்பதால், துருவ ஒளிக்கு மட்டும் என் ஓட்டு முடுக்கத்துக்கே. ஆனால் இது வீட்டுக்குள் நடக்கும் சண்டை; இரண்டும் தமிழாகச் சிந்தித்தவர்கள் ஆக்கிய சொற்கள்.

மொழிபெயர்ப்பாளர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. அதே காணொளியில் மின்புலம் 'மின்சார வயல்' ஆகியிருந்தது. அதில் என்ன நாற்று நடுவார்களோ!